ஒரு கண்மாயிலிருந்து தொடங்குங்கள்: ராமநாதபுரம் கரையில் நீரியல் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

ராமநாதபுரம் பக்கத்தில் நிலவியல், புவியியல், சிவில், வேளாண் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்பார்கள். மழை, ஓடை, மண்ணரிப்பு இவற்றை ஆராய்கிற வேலைக்கு எப்படிப் போவது? நம் ஊரில் ஆறே ஓடுவதில்லை, இங்கே இருந்துகொண்டு அதை எப்படிக் கற்றுக்கொள்வது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஆறு ஓடாததற்கு மழைக் குறைவு பாதிக் காரணம்தான். வருசநாட்டு மலையில் புறப்படுகிற வைகை சுமார் 258 கி.மீ. நடந்து வருகிறது. வைகை அணை, விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை என்று வழிநெடுகப் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து விழுகிறது. அதுவும் நிறைந்து வழிந்தால்தான் ஆற்றங்கரை ஊர்ப்பக்கம் பாக் விரிகுடாவைத் தொடும். தெற்கே குண்டாறு மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அதன் கதையும் இதேதான். இந்த மாவட்டத்துத் தண்ணீர் ஆற்றில் ஓடுவதைவிடக் கண்மாயில் நிற்பதுதான் அதிகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஒன்றின் மறுகால் (நிறைந்து வழிகிற நீர்) அடுத்ததற்கு வரத்து என்று சங்கிலியாகக் கடல் வரை போகின்றன. ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே இங்கிருந்து நீரியல் கற்க விரும்புகிறவர் ஆற்றைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எப்படிப் போகிறது, கூடவே எவ்வளவு மண் வருகிறது என்று ஒரு முழு ஆண்டு கணக்குப் பாருங்கள். ஆராய்ச்சி வாழ்க்கைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. பட்டம், தேர்வு, மென்பொருள் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பத்து ஆண்டு கழித்து உங்களை மற்ற ஆய்வாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது, வேறு யாரிடமும் இல்லாத உங்கள் சொந்த அளவுகள்தான்.

என்ன படிக்கலாம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வழி ஒன்று இல்லை, பல இருக்கின்றன. பி.எஸ்சி. நிலவியல், புவியியல், இயற்பியல், பி.இ. சிவில், பி.டெக். வேளாண் பொறியியல். இதில் எதிலிருந்தும் நீரியலுக்கு வரலாம். கணக்கு பயப்படாமல் வர வேண்டும், புள்ளியியல் ஓரளவு தெரிய வேண்டும். முதுகலைக்கு வரும்போதுதான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் இருக்கிறது. ஐ.ஐ.டி. ரூர்க்கியில் நீரியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அதே ஊரில் 1978-இல் தொடங்கிய தேசிய நீரியல் நிறுவனமும் இருக்கிறது. மண்ணரிப்பில்தான் மனம் என்றால் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் பக்கம் போகலாம். ஊட்டியில் மத்திய அரசின் மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையமும் உண்டு. கடற்கரைதான் வேண்டும் என்பவர்கள் தூரம் போக வேண்டாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோர ஆய்வுத் துறை தொண்டியிலேயே இருக்கிறது.

கண்மாயைத் தேர்ந்தெடுப்பது

பெரிய கண்மாய் மேல் ஆசைப்படாதீர்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரம், தண்ணீர் வந்து சேர்கிற வரத்துக்கால் ஒன்றிரண்டு, நிறைந்தால் வழிந்தோடுகிற ஒரு கலுங்கு, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை நாலைந்து. அது போதும். மழை பெய்கிற இரவில் போய்ப் பார்க்க முடியாத கண்மாய் உங்களுக்கு உதவாது.

அப்புறம் அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கரையில் ஒரு அளவுகோல் நடுவதற்குக்கூட வாய்மொழி அனுமதியாவது வாங்கிக்கொள்வது நல்லது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் போலப் பறவைகள் சரணாலயமாக இருக்கிற கண்மாய் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது எல்லைக் கடற்கரை. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் நாள் கரையை முழுசாக ஒரு சுற்று நடந்து வாருங்கள். மடைகள் எங்கே, கலுங்கின் உச்சி எந்த மட்டத்தில், வரத்துக்கால் எங்கே சீமைக் கருவேலம் மண்டி அடைத்துக் கிடக்கிறது, கரை எங்கே இளைத்திருக்கிறது என்று கையால் ஒரு படம் வரையுங்கள். செயற்கைக்கோள் படத்தை அதற்குப் பிறகு பாருங்கள். வரிசையை மாற்றிவிட்டால், திரையில் தெரிகிறதை மட்டுமே தேடுகிற பழக்கம் வந்துவிடும்.

மழையை அளப்பது

மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மி.மீ.க்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில், அதாவது வாடைக்காற்றோடு வருவது. தென்மேற்குப் பருவத்தில் மலை மறைத்துக்கொள்கிறது. நமக்கு வெறும் கச்சான் காற்றும் புழுதியும்தான்.

ஆனால் சராசரி இந்த ஊரில் ஏமாற்றும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஆண்டு மழையில் பாதி. அதே நாளில் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தவர்களுக்கு அது வேறு ஊர்ச் செய்தி. பக்கத்து மாவட்டத்தில் 2023 டிசம்பரில் காயல்பட்டினம் ஒரே நாளில் 95 செ.மீ. வாங்கியது. இப்படிக் கடலோரத்தில் ஒரு சின்னப் பட்டையில் மேகம் நின்று கொட்டிவிட்டுப் போகிற இடத்தில், முப்பது கி.மீ. தள்ளி இருக்கிற மழைமானியின் எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் கண்மாய்க் கணக்கைப் போட முடியாது.

அதனால் சொந்தமாக ஒரு மழைமானி வையுங்கள். விலைக்கு வாங்க முடியாவிட்டால் செய்துகொள்ளலாம். 20 செ.மீ. விட்டமுள்ள புனல், கீழே ஒரு கேன். புனல் வாயின் பரப்பு 314 சதுர செ.மீ. ஆகவே கேனில் சேர்ந்த ஒவ்வொரு 31.4 மில்லிலிட்டருக்கும் 1 மி.மீ. மழை. மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குடுவை போதும். வைக்கிற இடம்தான் முக்கியம். பக்கத்தில் இருக்கிற மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். மொட்டைமாடி வேண்டாம், கடற்காற்று சுழன்று மழையை வெளியே தள்ளிவிடும். வாய் விளிம்பு கிடைமட்டமாக இருக்கட்டும்.

வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கும். நீங்களும் அதே நேரத்தில் அளவெடுங்கள். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்: 20-ஆம் தேதி காலை 8.30-க்கு எழுதப்படும் எண், 19-ஆம் தேதி காலையிலிருந்து பெய்த மழை. கண்மாய் மட்டத்தை ஒரு நாளும் மழையை இன்னொரு நாளும் சேர்த்துவிட்டால், மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததுபோல வரைபடம் காட்டும்.

மொத்த அளவு மட்டும் போதாது. 50 மி.மீ. மழை இரண்டு நாள் தூறலாகப் பெய்தால் புழுதி உழவு போட்ட வயல் அதைக் குடித்துவிடும். ஒரு துளி வரத்துக்காலில் இறங்காது. அதே 50 மி.மீ. ஒரு மணி நேரத்தில் பெய்தால் நிலம் விழுங்குவதற்குள் தண்ணீர் மேலே ஓடிவிடும். மண்ணரிப்புக்கும் இதுவேதான் காரணம். பெருமழைத் துளி நொடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் வந்து விழுகிறது. அந்த அடியில் மண்கட்டி உடைந்து, நுண்துகள் துவாரங்களை அடைத்து, மேலே ஒரு தோல்போலப் படிந்துவிடும். அதற்குப் பிறகு பெய்கிறதெல்லாம் ஓட்டம்தான். எனவே மழை பெய்யும்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கிடைத்தால் ஒவ்வொரு 0.2 மி.மீ.க்கும் ஒரு முறை கவிழ்ந்து நேரத்தைத் தானே பதிந்துகொள்ளும் மழைமானி வாங்கலாம். அதன் புனலில் பறவை எச்சமும் தும்பும் அடைக்கும். வாரம் ஒரு முறை துடைக்காவிட்டால் அது பொய் சொல்லும். பக்கத்திலேயே சாதாரண மானி ஒன்றையும் வைத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

வந்த தண்ணீரும் போன தண்ணீரும்

மடைக் கல்லிலோ கலுங்குச் சுவரிலோ சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு அளவுகோலைப் பொருத்துங்கள். அதன் சுழியம் எந்த மட்டம் என்பதை அசையாத ஒரு கல்லோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது பிடுங்கிவிட்டாலும் திரும்ப அதே மட்டத்தில் நடலாம். தினமும் காலையில் மட்டம் குறியுங்கள். மழை நாளில் அடிக்கடி.

வரத்துக்காலில் ஓடுகிற நீரை அளக்க ஓட்டமானி வாங்க வேண்டியதில்லை, தொடக்கத்தில் மிதவை போதும். நேராக ஓடுகிற 10 மீட்டர் நீளத்தை அளந்து இரண்டு பக்கமும் குச்சி ஊன்றுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மேலே விட்டு, கீழே வர எத்தனை நொடி என்று பாருங்கள். 20 நொடி என்றால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு அரை மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும், அதனால் 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். கால்வாய் 3 மீட்டர் அகலம், சராசரி 40 செ.மீ. ஆழம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 0.5 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 18 கன அடி. ஓட்டம் வேறு வேறு மட்டத்தில் இருக்கும்போது பல முறை இப்படி அளந்து, மட்டத்தையும் ஓட்டத்தையும் ஒரு தாளில் புள்ளி வைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். பிறகு மட்டத்தைப் பார்த்தாலே ஓட்டம் தெரிந்துவிடும். பெரிய ஆறுகளிலும் அடிப்படை இதுதான். ஒரு பெருவெள்ளம் வாய்க்கால் அடியை அரித்தாலோ மணலைக் கொண்டுவந்து கொட்டினாலோ பழைய வளைகோடு செல்லாது; திரும்ப அளக்க வேண்டும்.

முழங்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் இறங்காதீர்கள். கலுங்கு பாய்கிறபோது அதன் மேல் நடக்காதீர்கள். ஊறிய கரையில் இரவில் தனியாகப் போகாதீர்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இப்போது கணக்கு. நீர்ப்பிடிப்பு 5 சதுர கி.மீ. என்று வையுங்கள். 50 மி.மீ. மழை விழுந்தால் மொத்தம் 2,50,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 50,000 கன மீட்டர். கண்மாயின் நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர் என்றால் மட்டம் 12.5 செ.மீ. ஏறும், கண்மாய் மேலேயே நேராக விழுந்த மழைக்கு இன்னும் 5 செ.மீ. உங்கள் அளவுகோல் 17 செ.மீ. காட்டினால் நல்லது. 8 செ.மீ. மட்டும் காட்டினால் ஏன் என்று தேடுங்கள். வரத்துக்கால் உடைந்து வேறு பக்கம் போயிருக்கலாம், மேல் கண்மாய் அடைத்துக்கொண்டிருக்கலாம், மண் முதல் மழையைக் குடித்திருக்கலாம். கணக்குக்கும் அளவுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியிலிருந்துதான் ஆய்வேட்டின் கேள்வி பிறக்கும்.

போன தண்ணீருக்கு நாலு வழி: மடை, கலுங்கு, ஆவி, நிலத்துக்குள் இறங்குவது. வெயில் ஏறிய மாதங்களில் ஒரு நாளைக்கு 5, 6 மி.மீ. ஆவியாகப் போவது இயல்பு. மடை அடைத்திருக்கிற, மழை இல்லாத வாரத்தில் மட்டம் அதைவிட வேகமாக இறங்கினால் மிச்சம் தரைக்குள் போகிறது என்று பொருள். சுற்றியுள்ள கிணறுகளின் மட்டத்தை அதே வாரத்தில் அளந்தால் அது எங்கே போகிறது என்பதும் பிடிபடும்.

கலங்கல் தண்ணீர்

ராமநாதபுரம் மேசைபோலத் தட்டையான நிலம். இங்கே எங்கே மண்ணரிப்பு என்று கேட்பார்கள். கி.மீ.க்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தாலே பெரிது. ஆனாலும் கண்மாய்கள் மேடாகிக்கொண்டேதான் போகின்றன. அந்த மண் எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

முதல் பெருமழையில் வரத்துக்காலில் இறங்கி ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். வாயை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, மேலிருந்து அடி வரை மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். மேலே இருக்கிற தண்ணீரை மட்டும் மொண்டால் மணல் வராது. வீட்டுக்கு வந்து வடிதாளில் வடித்து, காயவைத்து எடை போடுங்கள். லிட்டருக்கு 2 கிராம் என்று வந்தால் சின்ன எண்போலத் தெரியும். மேலே சொன்ன ஓட்டத்தில் அது நொடிக்கு ஒரு கிலோ மண். ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்னுக்கு மேல், ஒரு டிராக்டர் டிப்பர் நிறைய.

வெள்ளம் ஏறும்போது ஒரு பாட்டில், உச்சத்தில் ஒன்று, வடியும்போது ஒன்று என்று எடுங்கள். ஒரே மட்டத்தில் ஓடினாலும் ஏறும்போது கலங்கல் அதிகம், இறங்கும்போது குறைவு என்று பெரும்பாலும் காண்பீர்கள். கோடையில் உதிர்ந்து கிடந்த மண் முதலில் கழுவி வந்துவிடுகிறது. அக்டோபர் முதல் மழையின் ஒரு பாட்டில் டிசம்பரின் பத்து பாட்டிலைவிட அதிகம் சொல்லும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றியதும் உள்வாயில் (கரைக்கு உள்பக்கத் தரையில்) ஆளளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடுக்குகள் தெரியும். நெருநெருவென்ற மணல் அடுக்கு என்றால் வேகமாக வந்த வெள்ளம். கையில் ஒட்டுகிற வழுவழுப்பான களி என்றால் நின்று நிதானமாகத் தெளிந்த தண்ணீர். இடையில் வேர் நிறைந்த கறுத்த கோடு என்றால் தண்ணீர் இல்லாமல் புல் முளைத்துக் கிடந்த காலம். மேல் பகுதியில் விரலளவு அகலத்துக்கு வெடிப்பு இறங்கியிருக்கும். அந்த வெடிப்புக்குள் புது மண் விழுந்து பழைய அடுக்கோடு கலந்திருக்கும். மாதிரி எடுக்கும்போது அதை விலக்கிவிடுங்கள். வசதியுள்ள ஆய்வகத்தில் சீசியம்-137 என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பார்த்து அடுக்கின் வயதைக் கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளின் தூசி 1963-ஐ ஒட்டி உச்சமாக விழுந்தது, அந்த உச்சம் மண்ணில் ஒரு தேதிபோல நிற்கும். ஆனால் அதற்குப் பணம் செலவழிக்கும் முன், அந்த இடத்தில் எப்போதாவது கரம்பை மண் அள்ளினார்களா, குடிமராமத்தில் தூர் வாரினார்களா என்று ஊரில் விசாரியுங்கள். அள்ளிய இடத்தில் வரலாறு கிடையாது.

மண்ணரிப்புக்கு ஒரு சமன்பாடு எல்லாப் பாடநூலிலும் உண்டு. விஷ்மையரும் ஸ்மித்தும் அமெரிக்க வயல்களின் அளவுகளிலிருந்து உருவாக்கியது. மழை, மண், சரிவு, பயிர், பாதுகாப்பு என்று ஐந்தாறு எண்களைப் பெருக்கினால் எக்டருக்கு எத்தனை டன் என்று சொல்லிவிடும். அதன் அடிப்படைப் பாத்தி 22 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்டது. நம் மாவட்டத்தில் அப்படிச் சரிவான வயலைக் காட்டுங்கள் பார்ப்போம். ஓடைக்கரை இடிவதும் கண்மாய்க் கரையை அலை அடித்துத் தின்பதும் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் கணினியில் பத்து நிமிடத்தில் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் கிடைக்கிறது என்பதால் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு அதையே ஒட்டிவைக்கிறார்கள். அளந்து சரிபார்க்க எண்ணமில்லை என்றால் அந்த வரைபடத்தை வரையாதீர்கள். உங்கள் பாட்டில் மண் அதைவிட மதிப்புள்ளது.

கணினிக்கு வரும்போது

வரைபடம் வரைகிற மென்பொருளான கியூ-ஜி.ஐ.எஸ். இலவசம். ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழிகளில் ஏதாவது ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். வானிலைத் துறையின் 1901 முதலான தினசரி மழைக் கட்டத்தரவு (நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண் தருவது), இந்தியா-விரிஸ் தளத்தின் ஆற்று ஓட்டத் தரவு, சென்னை தரமணியில் உள்ள மாநில நீர்வள ஆதாரத் தரவு மையத்தின் கிணற்று மட்டங்கள் எல்லாம் பயன்படும். ஆனால் அந்த மழைக் கட்டம் ஒன்று ஏறத்தாழ 27 கி.மீ. சதுரம். ராமேஸ்வரம் தீவு விழுகிற கட்டத்தில் பெரும்பகுதி கடல் என்பதை மறக்காதீர்கள்.

நில உயரத் தரவில் இன்னும் கவனம் வேண்டும். எல்லோரும் பயன்படுத்துகிற 30 மீட்டர் விண்கலத் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது. அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். மலைநாட்டில் அது ஒன்றும் செய்யாது. சரிவே மீட்டர்க் கணக்கில் இருக்கிற நம் ஊரில், மென்பொருள் வரைகிற ஓடை கண்மாய்க் கரையை ஏறித் தாண்டிப் போகும். சீமைக் கருவேலங்காட்டை மேடு என்று நினைத்துக்கொள்ளும். நடந்து பார்த்து வரைந்த உங்கள் கைப்படம் அப்போதுதான் கைகொடுக்கும்.

இதற்கு அழகான மாற்றுவழி ஒன்று இருக்கிறது. நிற்கிற தண்ணீரின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே மட்டம். சென்டினல்-2 செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒரு முறை 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது. கண்மாய் நிறைந்ததிலிருந்து வற்றும் வரை ஒவ்வொரு படத்திலும் நீர்ப்பரப்பை அளந்து, அதே நாளின் அளவுகோல் மட்டத்தோடு சேர்த்து வைத்தால், எந்த மட்டத்தில் எவ்வளவு பரப்பு, எவ்வளவு கொள்ளளவு என்பது கைக்கு வந்துவிடும். சர்வேக் கருவியே தேவையில்லை. மேகம் மறைக்கிற நாளில் சென்டினல்-1 ராடார் படம் உதவும். மரத்துக்கு அடியில் நிற்கிற தண்ணீர் இரண்டிலும் சரியாகத் தெரியாது. அந்த ஓரங்களை மட்டும் நடந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஊராரிடம் கேட்பது

நீர்பாய்ச்சி என்று ஒருவர் பல ஊரில் இன்றும் இருக்கிறார். மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அவரிடம் "போன இருபது வருஷத்தில் அதிகபட்ச மட்டம் எத்தனை மீட்டர்?" என்று கேட்டால் பதில் வராது. "ஐயா, கலுங்கு கடைசியா எப்பப் பாஞ்சுச்சு? அப்ப தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். "மூத்தவ கல்யாணத்துக்கு மொத வருஷம் தம்பி, அந்தா அந்தக் கல்லு முங்குச்சு" என்பார். கல்யாணப் பத்திரிகையில் ஆண்டு இருக்கும், கல்லின் உயரத்தை நீங்கள் அளக்கலாம். ஒரு வெள்ளத்தின் அளவு கிடைத்துவிட்டது. கோவில் படிக்கட்டு, ஊருணிச் சுவர் என்று இப்படிக் கேட்டுக் கேட்டு மட்டம் சேர்க்கலாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கல்லைக் காட்டினால் மட்டும் நோட்டில் எழுதுங்கள். கடலோரத்தில் வயதானவர்களிடம் 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் பற்றிக் கேட்கும்போது பொறுமையாகக் கேளுங்கள். தனுஷ்கோடியை இழந்தவர்களுக்கு அது தரவு அல்ல.

வேலை முடிந்ததும் உங்கள் மட்ட வரைபடத்தை ஒரு பெரிய தாளில் தமிழில் எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். தகவல் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது கடமை.

கடலை ஒட்டி வேலை செய்ய நினைப்பவர்கள்

மழைமானிக்கு அடுத்து உப்புமானி ஒன்று வாங்குங்கள். மின்கடத்துத் திறனை அளக்கிற பேனா அளவுக் கருவி. அளவு மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. என்ற அலகில் வரும். கடல்நீர் ஏறத்தாழ 50,000 காட்டும், நல்ல குடிநீர் 1,000-க்குள் இருக்கும். ராமேஸ்வரம் தீவின் மணலுக்கு அடியில் மழைநீர் கடல்நீர் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும் என்பது பழைய விதி. கிணற்று மட்டம் 10 செ.மீ. இறங்கினால் கீழே 4 மீட்டர் உப்பு ஏற இடம் கிடைக்கும். தீவில் மோட்டார் வைத்து இறைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. மாதாமாதம் பத்துக் கிணற்றில் மட்டமும் உப்பும் அளந்தால் அதுவே ஒரு முதுகலை ஆய்வு.

கரை அரிப்பைப் பார்ப்பவர்கள் வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காற்றும் அலையும் பருவத்துக்குப் பருவம் வேறு. கீழக்கரைக்கு எதிரே பூவரசன்பட்டித் தீவு மூழ்கிவிட்டது. பவளப்பாறையை வெட்டி எடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆறுகள் கொண்டுவருகிற மணல் மேலேயே நின்றுவிட்டால் கடற்கரைக்கு எது மிஞ்சும் என்பதும் நீரியல் கேள்விதான். வைகை முகத்துவாரத்தில் அதை யாராவது நீண்டகாலம் அளக்க வேண்டும் என்பது என் ஆசை. தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி கட்டாயம்.

ஆய்வாளராக ஆவதற்குள்

முதுகலை முடியும்போது கேட் (GATE), அல்லது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் (NET) புவி அறிவியல் தேர்வு எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேடும்போது அவர் பெயரைவிட அவருடைய மாணவர்களைப் பாருங்கள். எத்தனை பேர் களத்துக்குப் போகிறார்கள், எத்தனை பேர் நாலைந்து ஆண்டில் முடித்தார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது. அவர்களிடமே போனில் கேட்டுவிடலாம், பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள்.

நிலத்தடி நீர்ப் பக்கம் அரசு வேலை வேண்டுமானால் யு.பி.எஸ்.சி.யின் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போகலாம். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. உதவி நிலவியலாளர், உதவி வேளாண் பொறியாளர் பணிகள் உண்டு. ரூர்க்கி நீரியல் நிறுவனம், சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் போன்றவற்றில் திட்டப் பணியாளராக முதலில் சேர்ந்து கற்றுக்கொள்வதும் நல்ல வழி. சம்பளம் குறைவு, ஒப்பந்தம் ஓராண்டுதான், ஆனால் கருவிகள் கையில் கிடைக்கும். கண்மாய்ச் சீரமைப்பு செய்கிற தன்னார்வ அமைப்புகளுக்கும் அளக்கத் தெரிந்த ஆள் தேவை. வீட்டுச் சுமை இருக்கிறவர்கள் வேலையில் சேர்ந்துகொண்டு பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்வதில் குறைவு எதுவும் இல்லை.

காலத்தை மட்டும் முன்கூட்டித் திட்டமிடுங்கள், ஏனென்றால் தேர்வும் மழையும் ஒன்றாக வரும். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். நெட்டின் ஒரு சுற்று டிசம்பரை ஒட்டி வருகிறது. ஆகவே பாடங்களை ஆடி, ஆவணியிலேயே ஒரு சுற்று முடித்துவிட்டு, புரட்டாசியில் மழைமானியும் அளவுகோலும் நட்டுவிடுங்கள். பருவமழை மூன்று மாதமும் பகலில் கண்மாய், இரவில் பழைய வினாத்தாள். நீங்கள் தேர்வுக்குப் போகிற நாளில் அளவெடுக்கத் தம்பியையோ தங்கையையோ பழக்கி வையுங்கள். அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கும் வழக்கமாக மழைக்காலத்திலேயே விண்ணப்பம் கேட்பார்கள். அந்த விண்ணப்பத்தோடு உங்கள் மழை அளவும் கண்மாய் மட்டமும் ஒரே தாளில் வரைந்த வரைபடத்தை இணைத்து அனுப்புங்கள். அளவுகோலின் சுழிய மட்டத்தையும் அளவெடுத்த நேரத்தையும் அதன் ஓரத்தில் குறிப்பிட மறக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் முதலில் தேடுவது அதைத்தான்.